கரிச்சான் தூங்கிய வாரம்

முதலைக்குப் பல் டாக்டராக ஒரே ஒரு சீட்தான். எப்படியோ அது வருஷா வருஷம் காலியாகிவிடும். வருஷா வருஷம் ஆற்றங்கரையில் நுழைவுத் தேர்வும் நடக்கும்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மைனா கரிச்சான் குருவியிடம், "எவ்வளவுடி முடிச்சே?" என்று கேட்டது.

"இனிமே புதுசா எதையும் தொடக் கூடாதுடி. படிச்சதையே திருப்பிப் பார்த்துட்டு நல்லாத் தூங்கணும்."

மைனாவுக்குச் சந்தேகம் தட்டியது. நம்மைத் தூங்கவைத்துவிட்டு முந்தப் பார்க்கிறாளோ? புத்தகத்தை மூடிவிட்டு, நாணல் புதருக்குள் உட்கார்ந்து கரிச்சானை வேவு பார்க்க ஆரம்பித்தது. கரிச்சானோ நிஜமாகவே தூங்கியது.

"என்னமா நடிக்கிறா!" மைனா இல்லாத பல்லைக் கடித்தது.

தேர்வன்று, "யார் முதல்ல?" என்று முதலை வாயைத் திறந்தது. கரிச்சான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மைனா அதை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே குதித்தது.

கடைவாய்ப் பல் இடுக்கில் ஒரு கறுப்பு இறகு சிக்கியிருந்தது.

"அப்பவே நினைச்சேன்! கரிச்சான் முன்னாடியே வந்து பழகிட்டுப் போயிருக்கா! முதலையய்யா, இது மோசடி!" என்று மைனா கத்தியது.

முதலை வாயை மூடிக்கொண்டு, அதைப் பற்றி நிதானமாக யோசித்தது.