பயத்துக்குச் சீன வார்த்தை

"கொங்ஜ்யூ… கொங்ஜ்யூ… யோவ்ஜ்யூ."

பட்டாசு ஆலை ஆபீஸ் வராந்தாவில் பிரீத்திகா நோட்டைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தாள். முதலாளி வெள்ளைத்துரையின் மகள். சைனாவிலிருந்து மெஷின் இறக்குவதென்று முடிவானதுமே அவளைச் சென்னைக்கு அனுப்பி, சீன மொழி படிக்க வைத்திருந்தார்.

போர்மேன் ஊர்க்காவலன் படியேறி வந்தான்.

"என்ன பாப்பா, மந்திரமா?"

"பயம்ண்ணே."

"என்னது?"

"எல்லாம் பயத்துக்கு உள்ள வார்த்தை. வாயால பேசுறதுக்கு 'பா'ன்னா போதும். இது எழுத்துல வர்றது. சர்க்கார் கடிதம், கம்பெனி ரிப்போர்ட்டு, அதுக்கெல்லாம் இப்படித்தான் எழுதணும். மூணு மணிக்குள்ள பத்து வார்த்தையாவது மனப்பாடம் ஆகணும்."

சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஊர்க்காவலன் விறுவிறுவென்று படியிறங்கினான்.

புது மெஷின், தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து செலுத்துவது. ஓட்ட எட்டுப் பேர் வேண்டும். அது நிற்கிற மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு அது. வெடித்தால் நாலோடு போகட்டும் என்று வைத்த கணக்கு.

அந்த எட்டில் அவன் பெண்சாதி இருளம்மாளும் ஒருத்தி.

நேற்று அந்த எட்டுப் பெண்களும் சீனாக்காரர் லியூவிடமே சொல்லிப் பார்த்தார்கள். மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த இன்ஜினியர் அவர். "பயமாயிருக்குன்னு சொல்லுங்க பாப்பா" என்றாள் இருளம்மாள். பிரீத்திகா சொன்னாள். லியூ சிரித்துக்கொண்டே, மாட்டைத் தட்டுவதுபோல மெஷினை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"கடிக்காதாம் மதினி" என்றாள் பக்கத்தில் நின்ற பஞ்சம்மாள். "அவுக பிளேன் ஏறுற வரைக்கும் கடிக்காது."

மத்தியானம் பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது ஊர்க்காவலன் அங்கே போய் நின்றான்.

"நாம உசுரக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கோம். அங்கன ஒரு பிள்ள பிஸ்கட் தின்னுக்கிட்டே பயத்துக்குப் பேரு படிக்கிது. ஒண்ணு பத்தலையாம். பத்து வேணுமாம்."

"பெரிய வீட்டுல பயமும் சேலை மாதிரிதான" என்றாள் பஞ்சம்மாள். "விசேசத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு."

மற்றவர்கள் சிரித்தார்கள். இருளம்மாள் சிரிக்கவில்லை.

"நீங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்றேன்."

"மூணு நாளா இதத்தான சொல்றீக."

"மூணு மணிக்கு எல்லாரும் வருவாகள்ல, அங்கனயே வச்சு மூஞ்சிக்கு நேரா கேக்கேன். நாலு பேரு ரூமுல எட்டுப் பேர எப்படி விடுவீகன்னு கேக்கேன். பாத்துக்கிட்டே இரு."

மூன்று மணிக்கு மருந்து அறை வாசலில் எல்லோரும் கூடினார்கள். லியூ கையில் ஒப்படைப்புத் தாள் இருந்தது. வேலை பார்ப்பவர்களுக்குச் சம்மதம் என்று இந்தப் பக்கமிருந்து சீன எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் அவர் கையெழுத்துப் போடுவார். நாளையிலிருந்து மெஷின் ஓடும்.

வெள்ளைத்துரை திரும்பினார்.

"என்னப்பா ஊர்க்காவலா, எட்டுப் பேருக்கும் சம்மதந்தான?"

எட்டுப் பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"சம்மதந்தான் மொதலாளி."

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. இருளம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெறகென்னத்தா" என்றார் வெள்ளைத்துரை மகளிடம். "எழுதுனத வாசிச்சுக் காட்டிக் குடு. மரியாதையா எழுதியிருக்கேல்ல?"

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்கேன்ப்பா."

பிரீத்திகா நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

மூன்றாவது வரியில் ஊர்க்காவலன் நிமிர்ந்தான். கொங்ஜ்யூ. அடுத்து யோவ்ஜ்யூ. மறுபடியும் கொங்ஜ்யூ.

வாசித்து முடித்தவள் கதவில் எழுதியிருந்த நாலைக் கையால் காட்டினாள். லியூ முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை. தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். கதவைப் பார்த்தார். பெண்களை ஒவ்வொருத்தியாக விரல் நீட்டி எண்ணினார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"எழுத்துல குடுத்துட்டதுனால அவுக கம்பெனிக்கு அனுப்பித்தான் ஆகணுமாம்ப்பா. பதில் வர்ற வரைக்கும் மெஷின ஓட்டக் கூடாதாம்."

"சம்மதம்னு எழுதுனதுக்கா?" வெள்ளைத்துரைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏம்ப்பா ஊர்க்காவலா, காலையில இவ படிக்கும்போது நீதான பக்கத்துல நின்ன, சரியாத்தான் வாசிச்சாளா?"

பிரீத்திகா நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தான் வாசிச்சாக மொதலாளி" என்றான் ஊர்க்காவலன். "காலையிலருந்து அதத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தாக."

வெள்ளைத்துரை போன் போட ஆபீசுக்கு நடந்தார். லியூவும் பிரீத்திகாவும் பின்னால் போனார்கள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

ஊர்க்காவலன் உள்ளே போனான். மெஷினைச் சுற்றி எட்டு மர முக்காலி போட்டிருந்தது. கைக்கு இரண்டாக நாலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.