கொம்பில்லாத குதிரைக்குக் கொம்பு வலி

துரை என்ற வண்டிக் குதிரைக்கு வலது மூக்கில் மட்டும் சீழ் ஒழுகியது. நாற்றம் தாங்கவில்லை. தீனியை மெல்ல முடியாமல் விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது.

பக்கத்தில் கட்டியிருந்த மயிலைக்காளைக்கு ஒரு தடவை கொம்பு முறிந்து, புண்ணின் சீழ் மூக்கு வழியாக வடிந்தது. அன்றிலிருந்து எல்லார் தலைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

"தம்பி, கொம்பைக் காட்டு. நெற்றிக்குள்ளே இருக்கிற காற்றறை கொம்பு வரைக்கும் போகிறது. அங்கே பழுத்தால் மூக்கில்தான் ஒழுகும்."

"அண்ணே, எனக்கு ஏது கொம்பு?"

"எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்."

"கடைவாய்ப் பல் வலிக்கிறது அண்ணே!"

"பல் எங்கே, மூக்கு எங்கே? சும்மா இரு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது துரைக்கு. தலை வலிக்குமே என்று விட்டுவிட்டது.

கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். "குதிரைக்கு மேல் கடைவாய்ப் பல்லின் வேர், கன்னத்துக் காற்றறையில் போய் நிற்கும். பல் சொத்தை. அறை முழுக்கச் சீழ்" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி, அறையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் விரல் நீளப் பல்லைக் காளை எட்டிப் பார்த்தது.

"பார்த்தாயா? கொம்பு உள்ளுக்குள்ளேயே முளைத்திருக்கிறது!"

துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தபோது, வண்டிக்காரர் வேகவைத்த கொள்ளைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வாசனை இரண்டு மூக்கிலும் ஏறியது.

"கொம்புதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, துரை வாளிக்குள் தலையை விட்டது.