சும்மா இருக்கிற ஆள்

“பொண்டாட்டி வீட்ல இருக்கான்னு மட்டும் சொல்லிடாதே தம்பி. சொன்னா போச்சு!”

வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் அவள் கணவரிடம் ரகசியம் சொன்னார். பேருக்குத்தான் ரகசியம். வராந்தா முழுக்கக் கேட்டது. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

“நான் இப்பதான் உள்ள போய் ‘யாரும் இல்ல’ன்னு சொல்லிட்டு வர்றேன். எங்கம்மா வீட்ல குத்துக்கல்லாட்டம் இருக்கு. என்ன பண்றது? வயிறுன்னு ஒண்ணு இருக்கே!”

விஷயம் இதுதான். போரில் ஊனமானவர்களுக்கு மாதாமாதம் ஒரு பராமரிப்புத் தொகை வருகிறது. வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இருந்தால் அதை நிறுத்திவிடலாமே என்று மேலிடத்தில் ஒரு யோசனை. உத்தரவு போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே கண்பார்வை போன ஒருவர், “அக்கா இருக்காங்க சார்” என்றார். ‘உண்டு’ என்று அதிகாரி சொல்ல, டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதைப் பார்த்த அவள், இடுப்பில் இருந்த பெண் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

அவள் கணவருக்கு இரண்டு கைகளும் மணிக்கட்டோடு இல்லை. கண்ணிவெடி எடுக்கப் போன இடத்தில் போனவை. சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், இவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் தொகையும் நின்றால் வாடகைக்கு எங்கே போவது?

ஆனாலும் அவர் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, தொகை போனா போகட்டும். நாலு பேர் முன்னாடி என்னை இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு” என்றார் அவர்.

சொறிந்து விட்டாள்.

அவர் முறை வந்தது. குழந்தையோடு அவளும் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள். வேடிக்கை பார்க்க மீசைக்காரரும் கூடவே நுழைந்துவிட்டார்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “ஊதியம் ஈட்டாத குடும்ப உறுப்பினர் எவரேனும் இல்லத்தில் உண்டா?”

பிறகு நிமிராமலே, “அதாவது, உங்களைத் தவிர வீட்ல சும்மா இருக்கிற ஆள் யாராவது இருக்காங்களா?”

“இல்ல சார்.”

“யாருமே?”

“யாருமே இல்ல சார்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவ்வளவு சொல்லியும்! அவர் போட்டிருக்கிற சட்டைக்குக் காலையில் பொத்தான் போட்டது யாராம்? முகத்தைக் குழந்தையின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

“பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை” என்று முணுமுணுத்தார் மீசைக்காரர்.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கல்யாணமானவர்னு போட்டிருக்கே? அங்க குழந்தையோட நிக்கிறது யாரு?”

“என் மனைவி சார்.”

“வேலைக்குப் போறாங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன ‘யாருமே இல்ல’? பட்டாளத்துல இருந்தவர் இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா?”

டைப் அடிக்கிற பெண்ணின் விரல்கள் நின்றன.

அவர் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

“பொய் இல்ல சார். நீங்க சும்மா இருக்கிற ஆள் இருக்கான்னு கேட்டீங்க. எனக்குப் பல்லு விளக்கி விடறதுல அவளுக்கு விடியும். எனக்கு ஒரு வாய், குழந்தைக்கு ஒரு வாய்னு ஊட்டி முடிச்சு, அவ தட்டைத் தொடும்போது சோறு விறைச்சுப் போயிருக்கும். தூக்கத்துல வெடிச் சத்தம் கேட்டு நான் அலறினா, ‘ஒண்ணுமில்லீங்க, நம்ம வீட்லதான் இருக்கீங்க’ன்னு நான் அடங்கற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பா. பட்டாளத்துலகூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் காவலுக்கு ஆள் மாத்துவாங்க சார். இவளை மாத்த ஆளே வரல. மூணு வருஷத்துல இவ சும்மா இருந்து நான் ஒரு நாள் பார்த்ததில்ல. இவளைப் போய்ச் சும்மா இருக்கிற ஆள்னு எந்த வாயால சார் சொல்லுவேன்?”



மீசைக்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். இந்தத் தடவை நிஜமாகவே ரகசியக் குரல்.

“அடப்பாவமே தங்கச்சி! நான் கழட்டிப் போடற காலைத் துடைச்சு வைக்கிறதே எங்கம்மாதான். பொய்யின்னு நினைச்சுல்ல சொல்லிட்டு வந்தேன்... அட, உண்மைதான் போலிருக்கு!”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாதவர் ஒருவர் பார்த்தாலே தரையைப் பார்க்கிறவள், இப்போது தலையைக் குனியவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார்.

“அம்மா, ‘இல்லை’ன்னு அடிங்க” என்றார் டைப் அடிக்கிற பெண்ணிடம். “அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம கீழே சேர்த்துடுங்க. மேலிடத்துல படிக்கட்டும்.” பிறகு இவரைப் பார்த்து, “உங்க வீட்ல சும்மா இருக்கிற ஆள் யாருமே இல்ல. சரிதானே?”

“‘இவரைத் தவிர’ன்னு மறக்காம போட்டுக்குங்க சார். எங்க வீட்ல சும்மா இருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான்.”