பறந்து போன பெண்

"ஆனைக்கே அடி சறுக்கும். இந்த அஞ்சு பேருக்கு மட்டும் சறுக்கவே மாட்டேங்குது பாருங்க பாய்! இதெல்லாம் ஒரு கதையா?"

நஸ்ருதீன் தேத்தண்ணியை ஆற்றியபடியே சிரித்தார். மலேசியாவின் லுக்குட் கடைவீதியில் அவருடைய சாப்பாட்டுக் கடை. வெளியே தூறல். தொலைக்காட்சியில் ஆங்கிலக் கார்ட்டூன். ஐந்து வீரர்கள் மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தார்கள். அந்த நீல வெளிச்சம் மேசைகள் மேல் தண்ணீர் மாதிரி அசைய, கடையே ஏதோ கனவுக்குள் மிதந்தது.

முருகையா ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்காக மரம் சீவுகிறவர். அங்கே பகலில் கரண்ட் கிடையாது. மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் இங்கே வந்து இதைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்துத் திட்டுவார்.

"போன வாரம் செத்த அரக்கன் இந்த வாரம் எப்படி வந்தான்? காதுல பூ சுத்துறானுங்க லா!"

"அப்புறம் எதுக்குண்ணே பாக்குறீங்க? எல்லாரும் தமிழ்ப்படம் கேக்குறாங்க. அடுத்த வாரத்துலேருந்து வீடியோதான்."

முருகையாவின் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம் பாய். அரை மணி நேரம்தானே? ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தேறாத கதைக்கு இத்தனை கெஞ்சலா? நஸ்ருதீனுக்கு ஒன்றும் புரியவில்லை.

திரையில் பச்சை உடுப்புப் பெண் ஜன்னல் வழியாகப் பறந்து போனாள். முருகையாவின் குரல் இறங்கியது.

"இதுதான் பெரிய ஓட்டை, பாய். பொம்பளப் புள்ள இப்படிப் பறந்து போவுது. வீட்டுல ஒருத்தர்கூடத் தேட மாட்டாங்களா?"

"அட, பொம்மைப் படம்ணே!"

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. நஸ்ருதீன் அணைக்கப் போனார்.

"தொடாதீங்க பாய்!"

முருகையா நாற்காலி சரிய எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்தார். அதில் எஸ்டேட் ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்த ஆங்கில எழுத்துகள். அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தா! அதைப் படிங்க, பாய்."

"பஞ்சாலை... முருகையா." நஸ்ருதீன் திகைத்துப் போனார். "ஒங்க பேரு எப்படிண்ணே இதுல?"

முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கதை எழுதுறது எவனோ வெள்ளைக்காரன், பாய். படம் வரையுறது என் மக பஞ்சாலை. கோலாலம்பூருக்கு வரையப் போறேன்னு நின்னப்ப, 'இனிமே என் பேரையே சொல்லாதே'ன்னு வெரட்டி விட்டவன் நான்."