சீப்புத் தட்டு

ஆய்வக மேசையில் அகார் தட்டுகள். பாக்டீரியா வளர்த்துக் காட்ட, வீட்டுப் பொருள் ஒன்றைப் பஞ்சால் துடைத்து வரச் சொல்லியிருந்தேன். மாணவர்கள் செல்போனையும் செருப்பையும் துடைத்திருக்கிறார்கள். நான், இறந்துபோன என் மனைவியின் சீப்பை. என் தட்டின் மூடியைத் திறந்ததும் அழுகல் நாற்றம் வீசுகிறது. மஞ்சளும் வெள்ளையுமாகச் சீழ்போலப் பளபளக்கும் புள்ளிகள். “உவ்வே! யாரு செருப்புப்பா இது, காலே கழுவ மாட்டீங்களா?” என்கிறாள் முன்வரிசைப் பெண். வகுப்பே சிரிக்கிறது. ஆய்வக உதவியாளர் கை நீட்டுகிறார். “குடுங்க சார், ஆட்டோகிளேவ்ல போட்டு எல்லாத்தையும் கொன்னுரலாம்.” கொடுக்க மனமில்லை, அவளிடமிருந்து உயிரோடு மிஞ்சியிருப்பது இதுதான். ஆனால், அவள் போனபின் அதே சீப்பில்தான் நானும் தலை வாருகிறேன். எந்தப் புள்ளி அவளுடையது, எது என்னுடையது? தெரியவில்லை. மூடியை மூடித் தட்டை நீட்டுகிறேன். “ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டுருங்கண்ணே.”