தகரவண்டி

ஓய்வுபெற்ற கண்டக்டர், இணையத்தில் இருந்த வட்டாரச்சொல் அகராதியில் தினமும் ஒரு சொல்லைப் புளுகி ஏற்றுவார். ஏழு கடல் தாண்டியும் ஜனங்கள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று கூசாமல் அடித்துவிடுவார். அன்று ஏற்றியது 'தகரவண்டி': திக்கித் திக்கிப் பேசுகிறவர். உதாரணமாக, போன வருடம் இறந்த அண்ணனையே எழுதியிருந்தார்.

"இன்னிக்கு என்ன புளுகு, கொழுந்தனாரே?" என்று அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். படித்தாள். சிரிக்கவில்லை. நாற்காலி தன்னை அப்படியே விழுங்கினால் தேவலாம் போலிருந்தது கண்டக்டருக்கு.

சொல்லுக்குப் பக்கத்தில், உச்சரிப்பைக் கேட்பதற்கான பொத்தான் இருந்தது. அவர் எந்தக் குரலையும் பதிந்திருக்கவில்லை. அண்ணி அதை அழுத்தினாள்.

"த... த... த..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

கண்டக்டர் கணினியை அணைக்கப் பாய்ந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க. அவர் சொல்லி முடிக்கட்டும்."