நான்கு மணிப் படம்

மாலை நான்கு மணிக்கு எந்தப் புயலும் செத்ததுபோலத்தான் தெரியும். பொழுது சாய்ந்தபின் நடுவிலிருந்து குளிர்மேகம் வளையமாகக் கிளம்பி, மறுநாள் பிற்பகலுக்குள் முந்நூறு கிலோமீட்டர் விரிந்து கலையும். சான் எலோய் வானிலை நிலையத்தில் செயற்கைக்கோள் படங்களில் அந்த வளையத்தை அளப்பது என் வேலை.

அன்று நான்கு மணிப் படத்தைப் பார்த்ததும் தலைவர் அபெலார்டோ, "முடிஞ்சு போச்சு, எழுதிடலாம்" என்றார்.

"ஆறு மணிப் படம் வரட்டும் சார்."

"அதுவரைக்கும் புயலுக்குத் தாலாட்டுப் பாடணுமா? எம் மகளுக்குப் பிறந்தநாளு."

அவரே எழுதி அனுப்பினார். அறிக்கையின் அடியில் அளந்தவர் பெயர் இருக்க வேண்டும். என் பெயரைப் போட்டிருந்தார். மறுநாள் என் தம்பி ஜோமரின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"ரேடியோவில உங்க பேரைப் படிச்சாங்க. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு படகை இறக்கினாரு."

அவன் திரும்பவில்லை.

இரண்டு மாதமாக வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது. ஆனாலும் தினமும் ஆறு மணிப் படத்தில், அவன் வலை போட்ட இடத்திலிருந்து ஒரு வளையம் கிளம்பியது. அதன் நடுப்புள்ளி நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் கரைப்பக்கம் நகர்ந்தது. நேற்று துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து தலைவரின் வீடு இரண்டு கிலோமீட்டர்.

இன்று நான்கு மணிக்கு அவர் பையை எடுத்துக்கொண்டார். "எல்லாம் படக்கோளாறு. வானம் தெளிவுன்னு எழுதி உம் பேரைப் போட்டுடு."

எழுதினேன். அளந்தவர் என்ற இடத்தில் ஏற்கெனவே ஜோமரின் பெயர் இருந்தது.